புதுப்பிப்பு: ஜெனரேட்டர் ஆட்டோ ஸ்டார்ட் பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன அண்ணாச்சிமார் எல்லோருக்கும் ரொம்ப நன்றி. புதிதாக வருபவர்களுக்காக: அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் பால் குளிரூட்டும் நிலையத்தில், கரண்ட் போனதும் ஜெனரேட்டரின் செல்ஃப் ஒரு சுற்று சுற்றும், உடனே ஏ.எம்.எஃப் கண்ட்ரோலரின் (கரண்ட் போனதும் ஜெனரேட்டரைத் தானாக ஓட்டும் கருவி) திரை அணைந்துவிடும். கையால் சாவி திருப்பினால் ஓடும்.

பெரிய பேட்டரி தேவைப்படவில்லை. கண்ட்ரோலருக்குத் தனி வயர் போடச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. செல்ஃப் எடுக்கும்போது மீட்டர் வைத்துப் பார்த்தோம். பேட்டரி முனையில் 10 வோல்ட்டுக்கு மேல் நின்றது, கண்ட்ரோலர் முனையில் 7-க்கு இறங்கியது, அதனால்தான் திரை அணைந்தது. செல்ஃபை இயக்கும் ஸ்டார்ட்டர் ரிலேயும், டீசலைத் திறந்துவிடும் சோலனாய்டும் கண்ட்ரோலருக்குப் போன அதே மெல்லிய வயரிலேயே தொங்கின. இப்போது பேட்டரியிலிருந்து நேராக பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டும் தனியாக வருகின்றன. பாசிட்டிவில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். அன்றிலிருந்து முதல் முயற்சியிலேயே ஸ்டார்ட் ஆகிறது.

எதிர்பாராதது ஒன்று: எர்த் வயரின் நுனி வளையத்தை (லக்) கழற்றினால் அடியில் பெயின்ட், அதன் ஓரமெல்லாம் பச்சைப் பூஞ்சணம் மாதிரி களிம்பு. சுரண்டி, கிரீஸ் தடவி முறுக்கினோம்.

அப்புறம், ஈபி கரண்டில் ஓடும் பேட்டரி சார்ஜர் கட்டாயம் வேண்டும். ஜெனரேட்டர் சும்மா நிற்கும்போதும் கண்ட்ரோலர் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈபி, ஜெனரேட்டர் லைன்களை இணைக்கும் இரண்டு கான்டாக்டருக்கும் (பெரிய ஸ்விட்ச்) நடுவே, இரண்டும் ஒரே நேரத்தில் சேராமல் தடுக்கும் மெக்கானிக்கல் இன்டர்லாக் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜெனரேட்டர் கரண்ட் ஈபி லைனில் ஏறினால் கம்பத்தில் நிற்கும் லைன்மேன் உயிருக்கே ஆபத்து.