பாசிக் கருவிக்கு இலங்கையிலும் காப்புரிமை வாங்க வேண்டுமா?

பாசிக்கரை:
கப்பா பாசி என்ற கடல்பாசியை மிதவையில் வளர்ப்பதில் பெரிய வேலையே விதைப்பாசி கட்டுவதுதான். துண்டு துண்டாகக் கிள்ளி, கயிற்றில் ஒவ்வொன்றாக முடிச்சுப் போட வேண்டும். அதற்குத் தம்பி ஒரு கைக்கருவி செய்திருக்கிறான். சென்னையில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். அக்கரையில் கிளிநொச்சிப் பக்கமும் இதே பாசி வளர்க்கிறார்கள். நம் காப்புரிமை அங்கே செல்லுமா?

கீழக்கரை காக்கா:
செல்லாது தம்பி. உலகம் முழுக்கச் செல்லும் காப்புரிமை என்று ஒன்று கிடையாது. கொழும்பில் தனியாக வாங்க வேண்டும். ஆனால் வாங்காதீர்கள் என்பேன். சின்ன நாட்டுக் காப்புரிமைச் சட்டமே வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காகப் போட்டது. நம்ம ஆட்கள் பிழைக்கப் போன சிங்கப்பூரில் 1995 வரை பிரிட்டனில் வாங்கிய காப்புரிமையைக் கொண்டுவந்து பதிவதுதான் வழி. அதில் உள்ளூர்க்காரனுக்கு என்ன லாபம்?

மண்டபம் வாத்தியார்:
பாதியைத்தான் சொல்கிறீர்கள் காக்கா. பெரிய கம்பெனிகள் எல்லாச் சின்ன நாட்டிலும் போய்ப் பணம் கட்டுவதில்லை. கட்டாத நாட்டில் அந்தக் கண்டுபிடிப்பை யாரும் சும்மாவே செய்யலாம். செய்முறையும் ஆவணத்தில் பொதுவில் இருக்கும். நம் மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கும் மத்திய உப்பு ஆராய்ச்சி நிறுவனம், பச்சைப் பாசியைப் பிழிந்து சாற்றை உரமாக்கி, சக்கையில் கராஜீனன் என்ற கெட்டியாக்கும் பொருளை எடுக்கும் முறைக்கு 2005-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது. இணையத்தில் முழுசாகப் படிக்கலாம்.

கீழக்கரை காக்கா:
படிக்கலாம், சரி. செய்ய ஆலை வேண்டாமா? மருந்தை எடுங்கள். காப்புரிமைக்காரர் சம்மதிக்காவிட்டாலும் மற்றவர் தயாரிக்கலாம் என்று அரசு கட்டாய உரிமம் கொடுத்தாலும் சின்ன நாட்டில் யார் தயாரிப்பது? இறக்குமதி செய்துகொள்ளலாம் என்று உலக வர்த்தக அமைப்பு 2003-ல் வழி விட்டது. அந்த வழியில் கனடாவிலிருந்து எய்ட்ஸ் மருந்து ருவாண்டாவுக்குப் போய்ச் சேர 2008 ஆகிவிட்டது.

மண்டபம் வாத்தியார்:
மருந்து விஷயத்தில் உங்களோடு சண்டையில்லை. மிகப் பின்தங்கிய நாடுகள் 2033 வரை மருந்துக்குக் காப்புரிமை தர வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தம்பி கேட்டது கைக்கருவி.

பாம்பன் பாலம்:
அங்கே காப்பியடித்து இங்கே கொண்டுவந்து விற்றால்?

மண்டபம் வாத்தியார்:
இந்தியக் காப்புரிமை இருந்தால் இறக்குமதியே மீறல், நம் காப்புரிமைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு. அங்கேயே விற்றால் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த பிரிவு 49 இன்னும் சுவாரசியம். வெளிநாட்டுப் படகு தற்காலிகமாகவோ தவறுதலாகவோ நம் கடலுக்குள் வந்தால், அந்தப் படகின் தேவைக்கே பயன்படும் பொருள் காப்புரிமை மீறல் ஆகாது. பாக் நீரிணையைப் பார்த்து எழுதியது போல இருக்கும். உண்மையில் காப்புரிமை போன்றவற்றுக்கான பழைய பாரிஸ் உடன்படிக்கையிலிருந்து வந்தது.

பாம்பன் பாலம்:
படகைப் பிடிக்கிறவர்களிடம் இந்தப் பிரிவைக் காட்டினால் விட்டுவிடுவார்களா?

மண்டபம் வாத்தியார்:
காப்புரிமைக்கு மட்டும்தான் அப்பா! பாசிக்கரை, முதலில் இங்கே போடு. தனிநபருக்கு இணையவழியில் 1,600 ரூபாய். 12 மாதத்துக்குள் கொழும்பில் போட்டால் இங்கே போட்ட தேதியே அங்கும் கணக்கு. இங்குள்ள காப்புரிமை அலுவலகத்தில் அனுமதி வாங்காவிட்டால் ஆறு வாரம் கழித்துத்தான் வெளிநாட்டில் போடலாம். இங்கே போடும்வரை கருவியை யூடியூபில் காட்டாதே. வெளியே காட்டினால் புதுமை போய்விட்டது என்று தள்ளிவிடுவார்கள்.

கீழக்கரை காக்கா:
வாங்கியே விட்டான் என்று வையுங்கள். மன்னாரில் ஒருவன் செய்து விற்றால், வழக்குப் போடக் கொழும்பு வணிக உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வக்கீல் காசில் கருவியையே மலிவாகச் செய்து அங்கே அனுப்பலாம்.

பாசிக்கரை:
காக்கா சொல்வதும் சரியாகப் படுகிறது. இங்கே போட்டுவிட்டுக் கொழும்பைப் பிறகு பார்க்கிறோம். விண்ணப்பம் எழுதித் தர ராமநாதபுரத்தில் யாராவது இருக்கிறார்களா, மதுரைக்குத்தான் போக வேண்டுமா?