கர்ண மோட்சம் ஆடிய இரவு

நண்பர்கள் பலரும் தங்கள் வீட்டு இழப்புகளை இங்கே எழுதியிருப்பதைப் படித்த பிறகுதான், இத்தனை ஆண்டுகளாக யாரிடமும் முழுமையாகச் சொல்லாத ஓர் இரவைப் பற்றி எழுதத் துணிகிறேன்.

எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில், பள்ளிகொண்டாவுக்கு அருகே பாலாற்றங்கரையில் இருக்கிறது. தந்தையை நாங்கள் நைனா என்றுதான் அழைப்போம். என் அண்ணன் வேறு சாதிப் பெண்ணை மணந்துகொண்டு ஆம்பூருக்குக் குடிபோய், அங்கே ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்த ஏழு ஆண்டுகளும் நைனா அவன் பெயரை வீட்டில் உச்சரித்ததே இல்லை. அம்மா மட்டும் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிப் போய்ப் பார்த்து வருவாள்.

2014இல் நெடுஞ்சாலை விபத்தில் அண்ணன் இறந்தான். உடலை ஊருக்குக் கொண்டுவருவதை நைனா தடுக்கவில்லை. கொண்டுவாருங்கள் என்றும் சொல்லவில்லை. நான்கு வயது மகனைத் தூக்கிக்கொண்டு கொள்ளி வைக்கச் செய்தபோதும், எல்லோரும் கதறியபோதும், அவர் திண்ணையின் தூணைப் பிடித்தபடி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறாம் நாள் ஆற்றில் தண்ணீர் இல்லாததால், மணலில் ஊற்றுத் தோண்டி, மெல்ல ஊறிய நீரைச் சொம்பில் மொண்டுதான் சடங்குகளை முடித்தோம்.

பழைய வட ஆற்காட்டுக் கிராமங்களில் கருமாதி இரவில் கர்ண மோட்சக் கூத்து வைக்கும் வழக்கம் உண்டு. பங்காளிகள்தான் ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு வந்தார்கள். நைனா அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் ஒலிக்க, திரைக்குப் பின்னால் நின்று கர்ணன் பாடத் தொடங்கினான். மனைவி பொன்னுருவியிடம் அவன் விடைபெறும் இடத்தில் என் அண்ணி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டதைப் பார்த்தேன். அவள் பெண்கள் கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் வந்து உட்காரும்படி அவளை யாரும் அழைக்கவில்லை, நானும் அழைக்கவில்லை என்பது இன்றுவரை எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கதை நீங்கள் அறிந்ததுதான். பெற்றவுடன் ஆற்றில் விட்ட பிள்ளையைத் தேடி, போர் மூள்வதற்கு முன் குந்தி வருகிறாள். தான் உயிரோடு இருக்கும்வரை இந்த உறவை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றும், களத்தில் விழுந்த பிறகு மடியில் கிடத்தி, இவன் என் மகன் என்று ஊரறியச் சொல்ல வேண்டும் என்றும் கர்ணன் அவளிடம் கேட்கிறான். விடிவதற்குச் சற்று முன், பதினேழாம் நாள் போரில் கர்ணன் சாய்ந்ததும், குந்தி வேடமிட்ட அந்த மனிதர் தலைவிரி கோலமாக ஓடி வந்து, அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். எங்கள் வீட்டுப் பெண்களும் சேர்ந்து அழுதார்கள். உறவினர்கள் ஒவ்வொருவராக எழுந்து தட்டில் பணம் வைக்க, கொடுத்தவர் யார், யார் நினைவாகக் கொடுக்கிறார் என்பதை, கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியக்காரன் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் நைனா எழுந்தார். தட்டில் நூறு ரூபாய் வைத்துவிட்டு நின்றார். யார் பேரைச் சொல்லட்டும் என்று கட்டியக்காரன் கேட்டான். "என் பெரிய புள்ள பேரு" என்று சொல்லி, அண்ணனின் பெயரை முழுமையாகச் சொன்னார். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குரலில் அந்தப் பெயரைக் கேட்டதும் அம்மா அப்படியே தரையில் சாய்ந்துவிட்டாள். அவர் நகரவில்லை. "அவன் புள்ள பேரையும் சேத்துச் சொல்லு" என்றார். ஆனால் பேரனின் பெயர் அவருக்குத் தெரியாது. கூட்டத்தின் பக்கம் திரும்பி, கடைசி வரிசையில் இருந்த அண்ணியைப் பார்த்து, "புள்ள பேரு இன்னாம்மா?" என்று கேட்டார். அவள் சொன்னாள். கட்டியக்காரன் இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லி முடிக்கும்வரை நின்றிருந்த நைனா, அதன் பிறகு அங்கேயே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

விடிந்ததும் தேநீர் கொடுக்கப் போனேன். குந்தியாக ஆடியவர் தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சாயந்தரம் வந்ததும் தவறினவங்க பேரக் கேட்டு வெச்சிக்கிறது எங்க வழக்கம்மா. உங்க நைனாகிட்ட கேட்டேன். பதில் சொல்லாம எழுந்து போயிட்டாரு. சரி, கூத்து முடியறதுக்குள்ள அவரே சொல்லுவாருன்னு விட்டுட்டேன்" என்றார்.

*

ஆரணிப் பக்கத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

சகோதரி, படித்துவிட்டு வெகுநேரம் எழுத முடியாமல் இருந்தேன். எங்கள் தாத்தாவின் கருமாதிக்குக் கூத்து வைத்தால் வீண்செலவு என்று நான்தான் தடுத்தேன். என் பாட்டி, எங்கள் ஊர் வழக்கில் ஆயா, "அவருக்கு ஒரு ராத்திரி கூடக் குடுக்கலியேடா" என்று தான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் காரியத்துக்கு வைத்தேன். கேட்க அவள் இல்லை. ஒன்று மட்டும் கேட்கலாமா? அந்த இரவுக்குப் பிறகு உங்கள் நைனா அண்ணனைப் பற்றிப் பேசினாரா?

*

பேசினார், ஆனால் உடனே இல்லை. முதல் இரண்டு ஆண்டுகள் அண்ணியையும் பையனையும் பொங்கலுக்கு அழைப்பார், அரிசி மூட்டை அனுப்புவார், அவ்வளவுதான். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது பையன் எங்கள் வீட்டில் இருந்தான். அப்போது அவனுக்குப் பதினோரு வயது. நாங்கள் ஊற்றுத் தோண்டிய இடமெல்லாம் மூழ்கி, இரு கரையும் தொட்டு ஓடிய செந்நீரைப் பார்க்க அவனை நைனா கூட்டிப் போனார். நானும் உடன் போயிருந்தேன். வெகுநேரம் பேசாமல் நின்றிருந்தவர், "உங்கப்பன் இந்த மணல்லதான் வெளாண்டு வளந்தான். இவ்ளோ தண்ணியப் பாக்க அவனுக்குக் குடுத்து வெக்கல" என்றார். பிறகு, கரை வழுக்குகிறது என்று பையனைப் பெயர் சொல்லி அழைத்து, அவன் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.