ஸ்டேஷன் சுவரில் நம்ம ஊர்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

தஞ்சாவூர்–மயிலாடுதுறை பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன். பாசஞ்சர் வரத் தாமதம். பிளாட்பாரச் சுவரில் நடவுக் காட்சி வரைந்திருந்தார்கள். அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா, பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "இது தப்புடி. நட்டுக்கிட்டே முன்னால போறாளுவ பாரு. நட்ட நாத்து மிதிபடாதா? பின்னாலயில்ல வரணும்!" என்றார்.

அவர் சொன்னது சரி. படத்தில் நட்ட பயிரெல்லாம் பெண்களின் முதுகுப் பக்கம் இருந்தது. காத்திருந்த இன்னும் சிலர் பேச்சில் சேர்ந்துகொண்டார்கள். நெல் போகங்களில் இது குறுவையா தாளடியா என்று அடுத்த விவாதம். வானத்தில் கருமேகம் திரண்டிருக்கிறதே, ஐப்பசி மழையில் நடுகிற தாளடிதான் இது, ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து நடுகிற குறுவைக்கு ஏது இவ்வளவு மேகம் என்று ஒரு பெரியவர் முடித்துவைத்தார். வண்டி வரும்வரை அந்தச் சுவர்தான் பேச்சு.

கோபுரமோ சாமியோ வரைந்த சுவருக்கு முன்னால் இப்படி நான் பார்த்ததில்லை. ஒரு கும்பிடு, அவ்வளவுதான். பெரிய கோயிலை நேரிலேயே போய்ப் பார்க்கலாமே! ஸ்டேஷனில் ஊர்க்காரர்களின் வேலை வரட்டும். வரைவதற்கு முன்னால், அந்த வேலையைச் செய்கிறவர்களிடம் பென்சில் படத்தை ஒருமுறை காட்டிவிட்டால் போதும்.

குத்தாலம் பக்கத்திலிருந்து ஒரு பதில்

அக்கா, நூற்றுக்கு நூறு சரி. எங்கள் பக்கத்து நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தில் செய்வது. புது மரம் ஆகாது. பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கிற, நன்றாகக் காய்ந்து முதிர்ந்த கட்டையைத் தேடி வாங்கிக் கடைகிறார்கள். ஒரு வீட்டைத் தாங்கி நின்ற மரம் இன்னொரு வீட்டுக் கல்யாணத்தில் ஊதப்படுகிறது. நாதஸ்வரத்தை மட்டும் அழகாக வரைந்தால் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? பட்டறையை வரைய வேண்டும்.

ஸ்ரீரங்கத்திலிருந்து

கோபுரத்தை அவ்வளவு லேசாகத் தள்ளிவிடாதீர்கள். எங்கள் ஸ்டேஷனைப் புதுப்பித்து 2025 மே 22-ல் திறந்தார்கள். முகப்பு கோயில் சாயலில்தான் இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ராஜகோபுரம் சில நூற்றாண்டுகள் அடிப்பகுதியோடு மொட்டையாக நின்று, 1987-ல்தான் முழுமையானது. அது நிலை நிலையாக உயர்ந்ததைப் பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்த்து வளர்ந்தவன் நான். எங்களுக்கு அதுவும் தெரு வாழ்க்கைதான். ஆனால் நீங்கள் சொல்கிற வேலை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ராஜகோபுரத்தை உள்சுவரில் வரைகிறவர்கள் சாரத்தையும், அதில் ஏறி நின்ற ஸ்தபதிகளையும், கல்லும் கலவையும் சுமந்த சித்தாள்களையும் சேர்த்து வரையட்டும்.