டெமோவில் ஓடுகிற சாஃப்ட்வேர் கார் யார்டில் ஏன் ஓடமாட்டேங்குது?

ஈரோடு_யார்டு:
வணக்கமுங்க. பழைய கார் வாங்கி விக்கிற யார்டு வச்சிருக்கேன். எப்பவும் இருபது வண்டி நிக்கும். ஆளுன்னு பார்த்தா நான், தம்பி, வண்டி கழுவ ஒரு பையன், ஆர்டிஓ வேலைக்கு ஒரு ஏஜென்ட். போன மாசம் ஒரு கம்பெனிக்காரங்க வந்து லீட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் காட்டினாங்க, லீடுன்னா வண்டி கேட்டு வர்ற விசாரணை. போன் பண்றவர் பேர், ஊர், பட்ஜெட், உத்தியோகம் எல்லாம் நிரப்பினாத்தான் அடுத்த பக்கமே திறக்கும். எனக்கு வர்ற விசாரணையில பாதி புரோக்கர் வழியா வருது. வண்டி பார்க்க வர்றது மச்சான், பணம் தர்றது மாமனார், ஆர்சி யார் பேருக்குன்னு கடைசி நாள்தான் தெரியும். இதுல யாரைக் கஸ்டமர்னு போடறது?

ஆளைப் பிடிக்கறது எனக்குக் கஷ்டமில்லைங்க. விலை முடிஞ்ச பிறகுதான் பாடு. பழைய ஓனர் லோனைக் கட்டி முடிச்சிருப்பார், பேங்க்ல பாக்கி இல்லைங்கற என்ஓசி வாங்கியிருக்க மாட்டார். பேங்க் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 35 இல்லாம ஹெச்பி, அதாவது ஆர்சியில இருக்கற லோன் அடமானம், கேன்சல் ஆகாது, அது ஆகாம பேர் மாத்தற ஃபார்ம் 29, 30 நகராது. ஓடிபி அவர் போனுக்குப் போகும், அவரோ நம்பரை மாத்தியிருப்பார். அதுவரைக்கும் நம்ம பணம் முடங்கிக் கிடக்கும். எந்த வண்டிப் பேப்பர் யார்கிட்ட நிக்குதுன்னு பார்க்க அந்த சாஃப்ட்வேர்ல ஒரு பக்கம்கூட இல்லை.

பில் போட்டுக் காட்டச் சொன்னேன். 3,80,000-க்கு வாங்கி 4,10,000-க்கு வித்தா, வித்தியாசம் 30,000-க்கு மட்டும்தான் எனக்கு ஜிஎஸ்டி. 18 சதவீதம்னா 5,400. அவங்க மொத்த விலைக்கும் போட்டு 73,800 காட்டினாங்க. அடுத்த அப்டேட்ல வந்துரும்னு பதில். 2025 ஜனவரியில சின்ன வண்டிக்கு 12 சதவீதம் 18 ஆச்சு, சரி. ஆனா வித்தியாசத்துக்கு மட்டும் வரிங்கறது அதுக்குப் பல வருஷம் முன்னாடியே இருக்கு. பழைய கார் வியாபாரத்துக்குன்னே செஞ்சதுன்னு சொல்லி விக்கறவங்களுக்கு இது தெரிய வேண்டாமா?

பேப்பர் வேலையைப் பார்த்துக்கற மாதிரி யாராவது ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?

மதுரை_ஷோரூம்:
புது வண்டி ஷோரூம்லயும் இதே கதைதான் அண்ணே. கார் கம்பெனி கொடுத்த டிஎம்எஸ்ங்கற டீலர் சாஃப்ட்வேர் ஒண்ணு, அது மேல கஸ்டமர் விசாரணையைப் பார்த்துக்க முதலாளி வாங்கின சிஆர்எம் ஒண்ணு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசாது. ஒரே ஆளோட விவரத்தை அதுல ரெண்டு தடவை அடிச்சு, ஃபைனான்ஸ் போர்ட்டல், இன்சூரன்ஸ் போர்ட்டல், கவர்மென்ட்டோட வண்டிப் பதிவு போர்ட்டல் வாகன்னு திரும்பத் திரும்ப அடிக்கிறாங்க என் பசங்க.

எனக்கு ரொம்ப வலிச்சது ஆடி மாசம். "ஆவணி பொறக்கட்டும், வந்து எடுத்துக்கறோம்"னு சொல்லிட்டுப் போறவங்க சொன்னபடி வருவாங்க. அந்த சிஆர்எம்ல முப்பது நாள் அசைவு இல்லைன்னா லீடு தானா மூடிரும். ஆவணியில அவங்க வந்தப்ப புது விசாரணைன்னு வேற பையனுக்குப் போயிருச்சு. மாசக்கணக்கா பேசி வச்சவனுக்கு இன்சென்டிவ் இல்லை. நல்ல பையன், வேலையை விட்டே போயிட்டான். அமாவாசை டெலிவரிக்கு நம்ம ஊர்ல எவ்வளவு கூட்டம் இருக்கும்? அதே அன்னைக்கு மத்தியானம் சிஆர்எம் கம்பெனிக்காரங்க எங்க எல்லாருக்கும் ஆன்லைன் டிரெய்னிங் வச்சாங்க. கேட்டா, அவங்க ஊர்ல அமாவாசையில யாரும் வண்டி எடுக்க மாட்டாங்களாம்.

சென்னை_டெவலப்பர்:
இந்த மாதிரி சாஃப்ட்வேர் எழுதற இடத்துல வேலை பார்த்திருக்கேன். எங்களுக்கு வர்ற குறிப்பெல்லாம் சேல்ஸ் டீம்கிட்ட இருந்துதான். முதலாளி டெமோவுல கிராஃப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார், தினமும் அதுல விவரம் அடிக்கிறவரை நாங்க பார்த்ததே இல்லை.

ஈரோடு சார், பணம் கட்டறதுக்கு முன்னாடி அவங்க புரோகிராமர் ஒருத்தரை ஞாயித்துக்கிழமை உங்க யார்டுல முழு நாள் உட்காரச் சொல்லுங்க. மறுத்தா விட்டுருங்க. வருஷச் சந்தா கட்டாதீங்க, மாசச் சந்தா போதும். உங்க டேட்டா மொத்தத்தையும் எக்செல்ல எடுக்க முடியுதான்னு நீங்களே செஞ்சு பாருங்க. 2024 ஜூன்ல அமெரிக்காவுல சிடிகே குளோபல்ங்கற டீலர் சாஃப்ட்வேர் கம்பெனி மேல சைபர் தாக்குதல் நடந்தப்ப, அதையே நம்பியிருந்த சுமார் 15,000 டீலர்கள் மாட்டிக்கிட்டாங்க. பல பேர் பேனா பேப்பர் வச்சுத்தான் வண்டி வித்தாங்க.

பேப்பருக்கு இப்போதைக்கு ஒரு கூகுள் ஷீட் போதும். வண்டி நம்பர், என்ஓசி, 35, 29, 30, ஓடிபி நம்பர், யார் கையில, எந்தத் தேதியில இருந்து.

ஈரோடு_யார்டு:
நன்றிங்க ரெண்டு பேருக்கும். ஷீட்டைத் தம்பி போட்டுட்டான், ஏஜென்ட்டும் அவர் போன்ல திறந்து பார்க்கறார். ஷீட்ல கூட ஒரு கட்டம் சேர்த்தோம், எங்க தொல்லையில பெருசு அதுதான்: ரெண்டாவது சாவி வந்துருச்சா இல்லையா. கம்பெனிக்காரங்களை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். கேட்டுச் சொல்றோம்னாங்க.