புதுப்பிப்பு: உம்மாவின் உள்ளறை வெளிச்சம்

போன மாதம் எழுதியது நினைவிருக்கலாம். கீழக்கரை வீட்டில் ஜன்னல் இல்லாத உள்ளறை, இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கும் உம்மா, பகலெல்லாம் தூக்கம், ராத்திரி இரண்டு மணிக்குக் கொட்டக் கொட்ட விழிப்பு. பகல் வெளிச்சம் மாதிரியான விளக்கு உதவுமா என்று கேட்டிருந்தேன்.

நிறம் மாற்றும் எல்இடி பேனல் இரண்டு மாட்டினோம். சுபுஹுக்கு (விடியற்காலைத் தொழுகை) பிறகு 6500 கெல்வின் வெள்ளை, மஃரிபுக்கு (அந்தித் தொழுகை) மேல் 2700 கெல்வின் மஞ்சள்; கெல்வின் என்பது விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு. முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம்தான் போனில் அளந்து பார்த்தேன்: தலையணை அருகே 180 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு). மேகம் மூடிய பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். பேனலைக் கூரையிலிருந்து கட்டில் பக்கச் சுவருக்கு இறக்கியதும் 900 வந்தது. உடம்புக் கடிகாரத்துக்குச் சேதி சொல்லும் விழித்திரைச் செல்கள் 480 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கமுள்ள நீலத்துக்குத்தான் நன்றாக விழிக்கின்றன. மஞ்சள் வெளிச்சத்தில் அந்த நீலம் குறைவு.

இப்போது நாலரை வரை தூங்குகிறார். (விளக்காலா, வலி குறைந்ததாலா? இரண்டும் என்றே நினைக்கிறேன்.) "கல்யாண வீடு மாதிரி எரியுது, அணைச்சுப் போடுங்க வாப்பா" என்று திட்டு மட்டும் குறையவில்லை.

நேற்று நாற்காலியோடு தூக்கி முற்றத்தில் வைத்தோம். வெயில் பட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இதுக்குக் கரண்டு பில் உண்டா?" என்றார்.