போர்டுல '...பட்டி' மட்டும் தான் தெரியுது, இது எந்த ஸ்டேஷன்னு சொல்லுங்க பாப்போம்

செவ்வாப்பேட்டை சின்னவன்:

வணக்கம்ங்க எல்லாருக்கும். வழக்கமா நீங்க போடற படத்துக்கு நான் தப்புத்தப்பா கெஸ் பண்ணுவேன், இந்த தடவை படம் என்னோடது, விடையும் எனக்கே தெரியாது.

பொங்கலுக்கு பரண் சுத்தம் பண்றப்ப ஒரு கருப்பு வெள்ளை போட்டோ கெடைச்சுது. நடுவுல நிக்கறது எங்க பெரிய மாமா, ரயில்வேல கேங்மேனா, அதாவது தண்டவாளம் பராமரிக்கற வேலைல இருந்தவரு, இப்ப இல்லீங்க. தண்டவாளத்துக்கு நடுவுல ஸ்லீப்பர் கட்டை மேல நின்னுட்டு, கையில சுருட்டின கொடி, நல்லா வெறப்பா நிக்கறாரு. பின்னாடி நீளமா ஒரு மலை, தூரத்துல ஒரு கைகாட்டி சிக்னல், இடது பக்கம் ஸ்டேஷன் போர்டு. போட்டோவுக்குப் பின்னாடி பென்சில்ல 'தை 84'ன்னு எழுதியிருக்கு, வேற ஒண்ணும் இல்ல.

இதுல கொடுமை என்னன்னா பிரேம் கண்ணாடில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, நான் அவசரப்பட்டு உரிச்சேன், இடது ஓரம் பூரா கண்ணாடியோடயே போயிடுச்சு. அம்மாகிட்ட வாங்கினது தனிக்கதை. மிச்சம் இருக்கறது 'பட்டி'ங்கற முடிவு மட்டும் தான், அதுக்கு முன்னாடி புள்ளி வச்ச ஒரு எழுத்து பாதியா தெரியுது, 'ப்' மாதிரி இருக்கு. போர்டுக்கு அடில கடல் மட்டத்துல இருந்து எவ்ளோ உயரம்னு போட்டிருப்பாங்கல்ல, அந்த நம்பர் இருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும், கரெக்டா அந்த எடத்துல ஒரு ஆடு நிக்குது.

மாமா சேலத்தை விட்டு ரொம்ப தூரம் வேலை பாத்ததில்லன்னு அம்மா சொல்றாங்க. அவ்ளோ தான் தகவல்.

கைகாட்டி மரம்:

தம்பி, நம்ம பக்கம் 'பட்டி'ன்னு தேடறது திருவிழால சட்டை போட்டவனைத் தேடற மாதிரி. ஜோலார்பேட்டை லைன்ல மட்டும் தின்னப்பட்டி, புட்டிரெட்டிப்பட்டி, தொட்டம்பட்டி, தாசம்பட்டி, சாமல்பட்டி. ஓமலூர்ல பிரிஞ்சு தருமபுரி போற லைன்ல செம்மாண்டப்பட்டி, முத்தம்பட்டி. ஈரோடு பக்கம் பாத்தா வீரபாண்டி ரோடு, மாவேலிபாளையம், சங்ககிரி, ஆனங்கூர்னு போகும், அங்க எனக்கு தெரிஞ்சு பட்டி எதுவும் ஞாபகம் வரல. நாமக்கல் லைன் 2013-ல தான் வந்துச்சு, அதை மறந்துடலாம்.

அந்த 'ப்' நெஜமாவே 'ப்' தானா? அப்படின்னா தொட்டம்பட்டி, தாசம்பட்டி, முத்தம்பட்டி மூணும் அவுட்டு, அதுல வர்றது 'ம்'. சாமல்பட்டியும் அவுட்டு. மிச்சம் தின்னப்பட்டி, புட்டிரெட்டிப்பட்டி, செம்மாண்டப்பட்டி. ஏழு மூணாச்சு. இலக்கணம் சொல்லிக்கொடுத்த தமிழ் வாத்தியாருக்கு இன்னைக்கு தான் மனசார நன்றி சொல்றேன்.

பாசஞ்சர் பிரியன்:

ஈரோடு பக்கம்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு, மகுடஞ்சாவடி ஸ்டேஷனுக்கு பழைய பேரு மெக்டொனால்ட்ஸ் சவுல்ட்ரி. சின்ன வயசுல டைம்டேபிள்ல அதைப் பாத்துட்டு அங்க பர்கர் கெடைக்கும்னு நெனச்சு எறங்கலாம்னு அப்பாகிட்ட அழுதிருக்கேன். சத்திரத்துக்கு தான் சவுல்ட்ரின்னு பேருன்னு அப்புறம் தெரிஞ்சுது.

சரி விஷயத்துக்கு வர்றேன். ஒற்றெழுத்தை நம்பி எறங்காதீங்க, போர்டு எழுதறவங்க ஒற்றை விடுவாங்க, சேப்பாங்க, எல்லாம் நடக்கும். அது பெயிண்ட் வழிஞ்ச புள்ளியா கூட இருக்கலாம். என் ஓட்டு செம்மாண்டப்பட்டிக்கு. மலை பக்கத்துல, சின்ன ஸ்டேஷன், 84-ல அப்படித்தான் காலியா இருந்திருக்கும்.

கைகாட்டி மரம்:

செம்மாண்டப்பட்டி வராதுங்க. அதுக்கு ஒற்று எல்லாம் வேண்டாம், தண்டவாளமே போதும். அது இருக்கற தருமபுரி லைன், அதாவது சேலம் பெங்களூரு லைன், 84-ல மீட்டர் கேஜ், 90கள்ல தான் அகலப்பாதை ஆச்சு. இப்ப படத்தைப் பாருங்க. மீட்டர் கேஜ்னா ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 1000 மில்லிமீட்டர், ஒரு ஆளோட இடுப்பு உயரம். பிராட் கேஜ்னா 1676, அதாவது அஞ்சரை அடி, கிட்டத்தட்ட ஒரு ஆள் உயரம். மாமா நிக்கற அதே ஸ்லீப்பர் கட்டை மேல ஸ்கேல் வச்சு தண்டவாளத்துக்கு தண்டவாளம் அளந்தேன், அவர் தலையில இருந்து கால் வரைக்கும் இருக்கற நீளத்துல முக்கால் பங்குக்கு மேல வருது. கோணலா எடுத்த படமாச்சேன்னு சொல்வீங்க, கோணலா எடுத்தா கட்டையோட நீளம் கொறைஞ்சு தான் தெரியும், கூடாது. கொறைஞ்சே முக்கால் பங்குன்னா அது மீட்டர் கேஜா இருக்க சான்ஸே இல்ல.

தருமபுரி லைன் மொத்தமும் போச்சு, முத்தம்பட்டியும் சேத்து தான்.

பாசஞ்சர் பிரியன்:

மாமா ரொம்ப குள்ளமா இருந்தா?

செவ்வாப்பேட்டை சின்னவன்:

ஆறடிக்கு ரெண்டு இஞ்ச் கம்மிங்க, வாசப்படில குனிஞ்சு தான் வருவாரு 😄

பொம்மிடி பொன்னு:

நான் பொம்மிடிங்க, புட்டிரெட்டிப்பட்டி எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன். எங்க ஊருக்கு ஓட்டுப் போட ஆசை தான், ஆனா மலை எடம் மாறி நிக்குது.

அது ஏற்காடு மலை தான்னு வச்சுக்குவோம். எங்க பக்கத்துல இருந்து பாத்தா சேர்வராயன் மலை தெக்கால இருக்கும். தை மாசம் சூரியன் நாள் பூரா தெக்கால சாஞ்சே தான் போகும், அதனால எங்களுக்கு தெரியற வடக்குப் பக்க சரிவு மங்கலா, நெழல் அடிச்ச மாதிரி தான் இருக்கும், காலைல எழுந்து வாசல்ல நின்னு பாக்கறவ சொல்றேன். இந்த படத்துல மலை பளிச்சுன்னு வெயில்ல இருக்கு, மடிப்பு மடிப்பா தெரியுது. மாமாவோட நெழலும் நீளமா மலையைப் பாத்து விழுது. அப்ப சூரியன் கேமராக்குப் பின்னாடி, தாழ. ஒண்ணு சாயங்காலம், மலை கெழக்க. இல்லாட்டி காலைல, மலை மேக்க.

தின்னப்பட்டி, டேனிஷ்பேட்டை எல்லாம் ஏற்காடு மலைக்கு மேக்குப் பக்கம். அங்க நின்னா மலை கெழக்க தான். சாயங்கால வெயில் நேரா மூஞ்சில அடிக்கும். கணக்கு சரியா வருதுங்களா?

டீசல் வாசனை:

பொன்னு சொல்றது சரி தான், ஆனா ஒரு ஓட்டை இருக்கு. புட்டிரெட்டிப்பட்டில இருந்து கெழக்க பாத்தா சித்தேரி மலை தெரியுமே? சாயங்காலம் அதுவும் இதே மாதிரி தானே பளிச்சுன்னு இருக்கும்.

அப்புறம் நான் ஸ்டேஷன் கட்டடத்தைப் பாத்து சொல்லலாம்னு நெனச்சேன், ஓட்டுக் கூரை ஓரம் கொஞ்சம் தெரியுது. ஆனா போன தடவை கட்டடத்தை நம்பி மொரப்பூர்னு அடிச்சுச் சொல்லி மானம் போச்சு. இந்த லைன் 1861-லயே சேலம் வந்துடுச்சு, அதுக்கப்புறம் எத்தனை தடவை இடிச்சிருப்பாங்க, ஒட்டியிருப்பாங்க. அதனால வாயை மூடிக்கறேன்.

பொம்மிடி பொன்னு:

சித்தேரி வேற மாதிரி இருக்கும்ணா, மேடும் பள்ளமுமா தனித்தனியா நிக்கும். இது மேல தட்டையா மேஜை மாதிரி நீளமா போகுது பாருங்க, ஒரு எடத்துல மட்டும் லேசா தூக்கின மாதிரி. சேர்வராயன் கோயில் உச்சி 5,326 அடின்னு ஏற்காட்டுல எல்லாரும் சொல்வாங்க, ஆனா கீழ இருந்து பாத்தா உச்சின்னு தனியா கூரா ஒண்ணும் தெரியாது, மேல அவ்ளோ அகலமான மலை.

கைகாட்டி மரம்:

கூகுள் எர்த்ல தின்னப்பட்டி ஸ்டேஷன்ல போய் ஆள் உயரத்துக்கு எறங்கி கெழக்க திருப்பிப் பாத்தேன். மலை வெளிம்பு 80 பர்சன்ட் ஒத்துப் போகுது. கம்ப்யூட்டர் மலை கொஞ்சம் மழுங்கலா தான் காட்டும், அதனால சத்தியம் பண்ண மாட்டேன். ஓமலூர் பக்கம் யாராச்சும் இருக்கீங்களா?

ஓமலூர் லூப் லைன்:

லேட்டா வந்ததுக்கு மன்னிக்கணும், நைட் ஷிப்ட். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு பைக்கை எடுத்துட்டு போயிட்டு வந்துட்டேன், படம் கீழ போட்டிருக்கேன்.

மொதல்ல சொல்லிடறேன், அதே எடத்துல நின்னு எடுக்க முடியல. தண்டவாளத்துல எறங்கறது தப்பு, அதுவும் இப்ப வண்டி வர்ற ஸ்பீடுக்கு சான்ஸே இல்ல, அதனால வெளில ரோட்டோரமா நின்னு எடுத்தேன். 84-ல கம்பி கெடையாது, இப்ப கரண்டு கம்பியும் கம்பமும் மலையை கட்டம் கட்டமா வெட்டுது, மரக்கட்டை ஸ்லீப்பர் போய் கான்கிரீட் வந்தாச்சு, கைகாட்டி போய் கலர் லைட். போர்டும் புதுசு. அதாவது மாமா படத்துல இருக்கற எதுவுமே அங்க இல்ல, மலையைத் தவிர. மலையோட வலது கோடில ஒரு பள்ளம் எறங்கி திரும்ப ஏறுது பாருங்க, ரெண்டு படத்தையும் மேல மேல வச்சுப் பாத்தேன், அந்த பள்ளம் அப்படியே உக்காந்துச்சு. வெயில் விழற விதமும் அதே தான்.

நான் தின்னப்பட்டின்னு கையெழுத்து போடறேன்.

டீசல் வாசனை:

தின்னப்பட்டி, நானும். பாசஞ்சர் பிரியன் எங்க போனாரு, செம்மாண்டப்பட்டிக்கு இன்னும் ஓட்டு கேக்கறாரா?

பாசஞ்சர் பிரியன்:

டெபாசிட் போச்சு, வாபஸ்.

செவ்வாப்பேட்டை சின்னவன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, குறிப்பா ஓமலூர் அண்ணனுக்கு, நைட் ஷிப்ட் முடிச்சுட்டு யாரு இப்படி போவா.

ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அம்மாகிட்ட காட்டினேன். மலை, பள்ளம், வெயில், அஞ்சரை அடி எல்லாம் வெளக்கினேன், ஒண்ணும் காதுல வாங்கல. தின்னப்பட்டிங்கற பேரும் ஞாபகம் இல்லையாம். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பழைய படத்தையே ரொம்ப நேரம் பாத்துட்டு, "இந்த ஆட்டுக்கு தான் உங்க மாமா தெனமும் சோத்துல பாதியை வச்சிடுவாரு, போட்டோ எடுக்கறப்பவும் வெரட்டினா போகலன்னு லெட்டர்ல எழுதியிருந்தாரு"ன்னாங்க. அந்த லெட்டர் எங்கன்னு கேட்டா அதுவும் பரண்ல தான் இருக்குமாம். நாளைக்கு ஏறறேன்.