மோட்டார்ஹோம் கிளம்பும் முன் கேஸை எங்கே மூட வேண்டும்?

ரெடிங்_அப்பா:
வணக்கம். போன மாதம் பழைய மோட்டார்ஹோம் ஒன்று வாங்கினோம். அக்டோபர் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு இன்வர்னஸ் வரை போகத் திட்டம். விற்றவர் "வண்டி ஓடும்போது கேஸை மூடிவிடுங்கள்" என்று சொன்னதோடு சரி, எதை, எந்த வரிசையில் என்று காட்டவில்லை. வெளிப்பக்கப் பெட்டிக்குள் சிவப்பு புரொப்பேன் சிலிண்டர் இருக்கிறது. உள்ளே சிங்க்குக்குக் கீழே அலமாரியில் அடுப்பு, ஹீட்டர், ஃபிரிட்ஜ் என்று படம் போட்ட மூன்று சின்ன வால்வுகள். இதுவரை பக்கத்து ஊர்களுக்குப் போனபோது அந்த மூன்றை மட்டும்தான் மூடினேன். அது போதுமா? இன்னொரு கவலை, மகளின் இன்சுலின் ஃபிரிட்ஜில்தான் இருக்கும். நாள் முழுக்க ஓட்டும்போது கேஸ் இல்லாவிட்டால் ஃபிரிட்ஜ் என்ன ஆகும்?

கார்டிஃப்_வேன்காரர்:
போதாது. தயவுசெய்து சிலிண்டரிலேயே மூடுங்கள். அந்த மூன்று வால்வுகளுக்கும் முன்னால்தான் ரப்பர் ஹோஸ், ரெகுலேட்டர், தரைக்கு அடியில் ஓடும் குழாய் எல்லாம் இருக்கின்றன. மோதலில் ஹோஸ் பிய்ந்துபோனால் உள்ளே மூடி வைத்த வால்வு எதையும் தடுக்காது. ஊரில் வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போது "சிலிண்டரை மூடினாயா" என்றுதானே அம்மா கேட்பார், அதே கணக்குதான்.

நான் முதலில் ஹீட்டரை அணைத்து, ஃபிரிட்ஜை கேஸிலிருந்து 12 வோல்ட்டுக்கு, அதாவது வண்டியின் பேட்டரி மின்சாரத்துக்கு, மாற்றிவிடுவேன். அப்புறம் ஜன்னலைத் திறந்து வைத்து அடுப்பில் ஒரு பர்னரை மட்டும் சின்னதாக எரியவிடுவேன், மனைவி அதன் முன்னால் நிற்பார், நான் வெளியே போய் சிலிண்டர் வால்வைக் கடிகார முள் சுற்றும் திசையில் நிற்கும்வரை திருப்புவேன். நீலச் சுடர் கொஞ்ச நேரம் அப்படியே எரியும், பிறகு பர்னரின் ஓட்டைகளோடு ஒட்டிக் குறுகி அணையும். குழாயில் மிச்சமிருந்த கேஸ் தீர்ந்ததும், சிலிண்டர் நிஜமாகவே மூடியிருப்பதும் இரண்டும் ஒன்றாகத் தெரிந்துவிடும். சுடர் அணையாமலே எரிந்தால் வால்வு சரியாக மூடவில்லை, சரிபார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். அணைந்தபின் அடுப்புத் திருகையும் மூடுங்கள், பிறகு உங்கள் மூன்று வால்வுகள். கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது, குழாயோடு சேர்ந்து நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது.

பலரும் குழம்புவது இங்கே: புரொப்பேன் சிலிண்டரில் ஹோஸை மாட்டும் நட்டுக்கு மட்டும்தான் மரை தலைகீழ், எதிர்த்திசையில் திருப்பினால்தான் இறுகும். வால்வின் கைப்பிடி வழக்கம்போலத்தான். அந்தக் கைப்பிடியைக் கையால் இறுக்கினால் போதும், ஸ்பேனர் போட்டு முறுக்கினால் உள்ளே சீல் கெட்டுவிடும்.

இன்சுலினுக்குப் பயம் வேண்டாம். எஞ்சின் ஓடும்வரை 12 வோல்ட்டில் ஃபிரிட்ஜ் வேலை செய்யும். முதல் நாள் இரவே வீட்டு மின்சாரத்தில் மாட்டி நன்றாகக் குளிரவைத்துவிடுங்கள். பழைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் 12 வோல்ட்டுக்குத் தெர்மோஸ்டாட் கிடையாது, ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் உள்ளே ஒரு தெர்மோமீட்டர் வைத்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இன்சுலின் உறையவே கூடாது, பின்சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

டோர்ட்முண்ட்_மாமா:
தம்பி, மேலே சொன்னது முழுக்கச் சரி. ஒரு விசயம் சேர்க்கிறேன். இங்கே ஜெர்மனியில் பலர் ஓடும்போதே காஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு போவார்கள். அவர்களிடம் ட்ரூமா மோனோகண்ட்ரோல் சிஎஸ், டூயோகண்ட்ரோல் சிஎஸ் மாதிரி, மோதலை உணர்ந்து தானாகவே காஸை அடைக்கும் ரெகுலேட்டர் இருக்கும். உங்களுடைய பழைய வாகனத்தில் அது இல்லையென்றால் அவர்களைப் பார்த்து நீங்களும் செய்ய வேண்டாம். இருந்தாலும்கூட பெற்றோல் நிலையத்துக்குள் நுழைய முதல் காஸில் எரியும் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும், கப்பலில் ஏற்ற முதல் சிலிண்டரை மூட வேண்டும்.

மின்சாரத்துக்கும் காஸுக்கும் தானாக மாறும் ஃபிரிட்ஜ் என்றால் இன்னும் கவனம். எஞ்சினை நிறுத்திச் சுமார் 15 நிமிடம் கழித்து அது தானே காஸைப் பற்றவைக்கப் பார்க்கும். போன கோடையில் டீசல் அடிக்க நீண்ட வரிசை, எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். பின்னால் டிக், டிக், டிக் என்று ஃபிரிட்ஜ் பொறி தட்டுகிற சத்தம் கேட்டது. சிலிண்டரை மூடியிருந்தபடியால் பற்றவில்லை. அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

ரெடிங்_அப்பா:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்று சாயங்காலமே செய்து பார்த்தேன். மகள் அடுப்பு முன்னால் நின்று எண்ணினாள், முப்பத்தெட்டில் சுடர் அணைந்தது. போய்ச் சேர்ந்தபின் திரும்பத் திறக்கும்போது என்ன வரிசை? அப்புறம், சிலிண்டர் பெட்டியின் தரையில் ஒரு ஓட்டை இருக்கிறது, குளிர்காற்று வருகிறதே என்று அடைக்க நினைத்தேன்.

கார்டிஃப்_வேன்காரர்:
ஐயோ, அதை அடைக்கவே அடைக்காதீர்கள்! புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அது கீழே இறங்கி வெளியே போவதற்காகத்தான் அந்த ஓட்டை. அதன்மேல் துணி, பை எதுவும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேஸ் அலாரம் வாங்கினாலும் தரைக்குப் பக்கத்தில்தான் மாட்ட வேண்டும்.

திறக்கும்போது அடுப்பு, ஹீட்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் அணைந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பிறகு சிலிண்டர் வால்வை மெல்ல, மிக மெல்லத் திறக்க வேண்டும். சில ஹோஸ்களில் பிய்ந்தால் அடைத்துக்கொள்ளும் அமைப்பு உண்டு, சட்டென்று திறந்தால் ஹோஸ் அறுந்ததாக நினைத்து அதுவே கேஸை நிறுத்திவிடும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் உள்ளே வந்து தேவையான வால்வை மட்டும் திறங்கள்.